புல்லுக்கு மணிமுடியா?

புல்! மாடு மேயும் புல் அல்ல, கூரை வேயும் புல்லும் அல்ல. மாளிகை முற்றத்திலே பச்சைக் கம்பளமெனப் படுத்திருக்கும் புல்! வயிற்றுக்கு உதவாது, தொழுவத்துக்கும் உதவாது. எனினும் ஓயாத நீராட்டு, வாரந்தோறும் முடிவெட்டு!

யார் தந்த வாழ்வு இது? இங்கிலாந்துப் பிரபுக்கள் தந்த வாழ்வு. "விளைவிக்காமலே இத்தனை நிலம் வைத்திருக்க எம்மால் முடியும்" என்று ஊருக்குக் காட்டவே புல்வெளி விரித்தனர். அதை நீண்ட அரிவாளால் அரிந்து முதுகு நொந்தவன் பாட்டாளி! 1830இல் எட்வின் பட்டிங் என்பவர், ஆலையில் துணியின் பிசிறு நறுக்கும் இயந்திரத்தைக் கண்டு, புல்வெட்டும் பொறி அமைத்தார். பிரபுவின் பகட்டு சாதாரண வீட்டு வாசலுக்கும் வந்தது. கடல் கடந்தது. கோடையிலே மழை காணாத கலிபோர்னியாவிலும் குடியேறியது.

2014. அங்கே கொடும் வறட்சி. கிழக்குப் போர்ட்டர்வில் என்னும் ஊரில், தோட்டத் தொழிலாளர் வீட்டுக் கிணறுகள் வற்றின. குழாய் திறந்தால் காற்று! புட்டித் தண்ணீருக்குக் காத்திருந்தனர் தாய்மார்கள். நெல்லுக்குப் பாயும் நீரில் புல் பிழைப்பதை நாம் கண்டதுண்டு. மனிதன் தவிக்கப் புல் குளிப்பதை என்னென்பது?

2015 ஏப்ரலில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஆணை பிறப்பித்தார். நகரங்களின் நீர்ச் செலவில் நூற்றுக்கு 25 குறைய வேண்டும், 5 கோடி சதுர அடிப் புல்வெளி போக வேண்டும் என்றார். அந்த ஆண்டே, சொன்னபடி குறைக்காத பெவர்லி ஹில்ஸ் என்னும் செல்வர் நகருக்கு 61,000 டாலர் அபராதம்! 2023இல், ஆலை, அலுவலக வளாகங்களில் வெறும் அழகுப் புல்லுக்குக் குடிநீர் பாய்ச்சுவதைப் படிப்படியாகத் தடுக்கும் சட்டமும் பிறந்தது.

புல் போன இடத்தில் வந்தது எது? நீர் குறைவாகக் கேட்கும் பல செடிகள். அவற்றுள் ஒன்று குராபியா. ஜப்பானில் உருவாக்கிய வகை. குலமோ, நம் வரப்போரம் மிதிபடும் பொடுதலை! பொடுகுக்குப் பாட்டி அரைத்துத் தேய்த்த அதே பொடுதலை! ஆழ வேரோடும், தரையோடு படரும், அடிக்கடி வெட்டவும் வேண்டாம், பூவிலே தேனீ மொய்க்கும்.

உடனே எங்கும் நடலாம் எனத் துள்ள வேண்டாம், தோழர்களே! ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுச் சமவெளியில் பொடுதலையின் நெருங்கிய உறவுச் செடியே மேய்ச்சல் நிலத்தை விழுங்கும் களை. குராபியாவோ முளைக்கும் விதை விடாத வகை. மண்ணறிந்து நடுவதே மதி.

மணிமுடி சூடிய புல் சாய்ந்தது, மிதிபட்ட பூண்டு நிமிர்ந்தது. நாம் சொல்வது ஒன்றே: முதல் நீர் ஏழையின் குடத்துக்கு! மிச்சமிருந்தால் பணக்காரன் முற்றத்துக்கு!