இரவல் நஞ்சு

கொலம்பியப் பழங்குடியினர் ஊதுகுழல் அம்புகளில் தடவியது ஒரு சிறு தவளையின் தோல் நஞ்சை. ஆனால் கண்ணாடித் தொட்டியில் பிறந்து, பழ ஈக்களைத் தின்று வளரும் இத்தகைய தவளைகளிடம் அந்நஞ்சு இல்லை! காட்டில் உண்ணும் எறும்பு, சிற்றுண்ணி போன்றவற்றிலிருந்தே அவ்வகைத் தவளைகள் நஞ்சைச் சேர்க்கின்றன.

இவ்வித்தையைக் காண நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. சம்மாந்துறைப் பக்கம், நெடுநாள் தரிசாய்க் கிடந்த காணிக்குத் திரும்புவோர் எருக்கலைப் பற்றையைக் காண்பர். மாடு பெரும்பாலும் வாய்வைக்காத அவ்விலையைக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிப் புழுவொன்று தின்கிறது. எருக்கலைப் பாலிலுள்ள, இதயத்தைத் தாக்கும் நஞ்சை உடலில் சேமித்து, செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியான பின்னும் வைத்திருக்கிறது. கொத்திய குருவி துப்பிவிடும்.

இப்புழு நெல்லைத் தொடாது. இதற்கு மருந்தடிப்பது வீண் செலவு என்றே சொல்வோம். பற்றை வெட்டும்போது மட்டும் பால் கண்ணில் படவிடாதீர்கள், பார்வை கெடும்.