தேவாங்கு... நம்ம ஏரியா வி.ஐ.பி!

'ஏன்டா தேவாங்கு மாதிரி முழிக்கிறே?' கேள்விக்குப் பதில் தெரியாமல் எழுந்து நிற்கிற எல்லாரும் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்ட டயலாக் இது. திட்டினவரும் தேவாங்கைப் பார்த்திருக்க மாட்டார், திட்டு வாங்கினவனும் பார்த்திருக்க மாட்டான். ஆனால் அகரம், தாடிக்கொம்பு பக்கத்துப் பசங்களுக்கு அது ரொம்ப தூரத்து விருந்தாளி இல்லை பாஸ். திண்டுக்கல் போய் திருச்சி பஸ் ஏறி, வடமதுரை தாண்டி அய்யலூரில் இறங்கினால் கண்ணுக்கு எதிரே தெரிகிற மலைக்காடுதான் அதோட வீடு!

2022 அக்டோபரில் தமிழக அரசு இந்தக் காட்டைக் 'கடவூர் தேவாங்கு சரணாலயம்' என்று அறிவித்தது. தேவாங்குக்கென்றே ஒரு சரணாலயம் இந்தியாவில் இதுதான் முதல் தடவை. கரூர் மாவட்டத்தில் கடவூர், நம்ம மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் தாலுகாக்கள் என்று 11,806 ஹெக்டேர் பரப்பு. சென்னை கிண்டி தேசியப் பூங்காவைப் போல நாற்பது மடங்குக்கும் மேலே!

'சூப்பர், முதுமலை மாதிரி வேனில் போய்ப் பார்த்துட்டு வரலாமா?' என்று கிளம்பிடாதீங்க. ஆள் ஒரு ஜாண் நீளம், எடை சுமார் கால் கிலோ. பகல் முழுக்க முள் புதரிலும் மரக்கிளையிலும் சுருண்டு தூக்கம். ராத்திரிதான் டியூட்டி. அந்தப் பெரிய கண்களே இருட்டில் இரை தேடத்தான். டார்ச் அடித்து, செல்போனில் ஃபிளாஷ் போட்டால் அதோட பொழப்பு கெட்டது. ஆராய்ச்சியாளர்களே சிவப்பு வெளிச்சத்தில்தான் பார்க்கிறார்கள். 1997-98-ல் அன்னா நெக்காரிஸ் என்ற ஆராய்ச்சியாளர் அய்யலூர் காட்டில் மாதக்கணக்கில் ராத்திரி ராத்திரியாகத் தேவாங்குகளின் பின்னாலேயே திரிந்தார். அவை அதிகம் தின்றது எறும்பும் கறையானும்! அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம் என்பதையும் மறந்துடாதீங்க.

எல்லைக்கோடு தெரியாத பிராணி

சட்டப்படி தேசியப் பூங்கா வேறு, சரணாலயம் வேறு. தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என 5 தேசியப் பூங்காக்கள். அங்கே ஆடு, மாடு மேய்ச்சல் கூடவே கூடாது. சரணாலயத்தில் அக்கம்பக்கத்து மக்களின் சில உரிமைகளைத் தொடர விடலாம். மேய்ச்சலை வனத்துறை ஒழுங்குபடுத்தலாம், தடுக்கவும் செய்யலாம். 2022 மார்ச்சில் தமிழகக் காடுகள் முழுக்க மேய்ச்சலுக்குத் தடை போட்ட சென்னை உயர் நீதிமன்றம், பிறகு அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவில் சுருக்கியது. அதே வருஷம்தான் கடவூரும் சரணாலயம் ஆனது. அடிவாரத்தில் நாலு ஆடு வைத்துப் பிழைக்கிற தாத்தாவுக்கு இது பேப்பர் செய்தி இல்லை, சாப்பாட்டுப் பிரச்னை.

இங்கேதான் விஷயமே இருக்கு. வரைபடத்தில் போட்ட கோடு தேவாங்குக்குத் தெரியாது. தோட்டத்து வேலி, புளியமரம், வரப்போரப் புதர் எல்லாம் அதுக்குக் காடுதான். பயிர்ப் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவியும் செய்கிறது. இத்தனை காலம் அது பிழைத்திருக்கிறது என்றால், அதுக்கு அந்த ஊர்க்காரங்களின் வேலியும் மரமும் ஒரு காரணம். அவங்களை ஓரங்கட்டிவிட்டு, கார்டுகளை மட்டும் வைத்து எந்தக் காட்டையும் காப்பாற்ற முடியாது. ஆடு மேய்க்க மாற்று இடம், தீவனம் என்று ஏதாவது வழி சொல்லிவிட்டுத்தான் 'உள்ளே வராதே' என்று சொல்லணும்.

நிஜமான வில்லன்கள் வேறு. தேவாங்கால் குரங்கு மாதிரி தாவ முடியாது. கிளைக்குக் கிளை கையைப் பிடித்துத்தான் நகரும். நடுவில் ரோடு வந்து மரம் போச்சு என்றால் தரையில் இறங்கித்தான் ஆகணும். இறங்கினால் லாரி, இல்லைன்னா நாய். வேலியை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போட்டாலும் இதே கதிதான். வால்பாறைப் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்காங்க. நம்ம ஊரில் ரோட்டோர மரங்களின் கிளைகள் ஒன்றோடு ஒன்று தொடுகிற மாதிரி விட்டாலே பாதிப் பாலம் ரெடி!

அடுத்த வில்லன் மூடநம்பிக்கை. மாந்திரீகம், மருந்து, ஜோசியம் என்று சொல்லித் தேவாங்கைப் பிடிக்கிறவங்க இருந்திருக்காங்க. இது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி. வேட்டையாடினால் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 7 வருஷம் ஜெயில், கூடவே அபராதம்.

நாம என்ன பண்ணலாம்?

என்.எஸ்.எஸ். கேம்ப்பில் வருஷா வருஷம் கோயில் வாசலைப் பெருக்கியது போதும். ஒரு தடவை அய்யலூர், வடமதுரைப் பக்கக் கிராமத்தில் கிளுவை, கள்ளி வைத்து உயிர்வேலி போட்டுக் கொடுங்க. திண்டுக்கல் மாவட்டத்தில் 'சீட்ஸ் டிரஸ்ட்' போன்ற அமைப்புகள் தேவாங்குக்காக வேலை செய்யுறாங்க, கேட்டால் வழி சொல்வாங்க. அடிபட்ட தேவாங்கைப் பார்த்தால் கையில் தூக்கி செல்ஃபி எடுக்காம, வனத்துறைக்குச் சொல்லுங்க. குட்டி மட்டும் தனியாகக் கிளையில் இருந்தால் அனாதை என்று நினைச்சு எடுத்துட்டு வந்துடாதீங்க. குட்டியைக் கிளையில் உட்கார வைத்துவிட்டு இரை தேடப் போவது தாய்த் தேவாங்கின் வழக்கம். அம்மா திரும்பி வந்துடும்.

அப்புறம், அடுத்த தடவை யாராவது 'தேவாங்கு மாதிரி முழிக்கிறே' என்று திட்டினால் கோவிச்சுக்காதீங்க. 'தேங்க்ஸ் சார், அது நம்ம ஏரியா வி.ஐ.பி!' என்று சொல்லிட்டு உட்காருங்க. கேள்விக்குப் பதில் தெரியாதது வேற விஷயம்!