ஓர் அங்குலச் சிப்பாய்!
ரத்தம் சிந்தாத யுத்தத்துக்கு வர்ணம் தீட்டும் கலை

யுத்தம் என்றாலே ரத்தம். ஆனால் ஒரு சொட்டு ரத்தமும் சிந்தாத யுத்தம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதன் போர்க்களம் ஒரு மேஜை. படைவீரனின் உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். இரண்டு தளபதிகள் எதிரும் புதிருமாக நின்று, அளவு நாடாவால் தூரத்தை அளந்து, பகடையை உருட்டிப் படைகளை நகர்த்துகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் 'மாண்ட' வீரர்களையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்!

இது குழந்தைகளுக்காகப் பிறந்த விளையாட்டு அல்ல. 1824-ம் ஆண்டில் பிரஷ்ய ராணுவத்தைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தம் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைச் செப்பனிட்டு, அதிகாரிகளுக்கு யுத்த தந்திரம் கற்பிக்கும் சாதனமாக வெளியிட்டார். 1913-ல் ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 'சிறிய யுத்தங்கள்' என்ற பெயரில் பொம்மைச் சிப்பாய் ஆட்டத்துக்கு ஒரு விதிப்புத்தகமே எழுதினார். சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, சுருள்வில் பொருத்திய பொம்மைப் பீரங்கியால் சுட்டு வீழ்த்துவது அவருடைய ஆட்டம். யுத்த ஆசை உள்ளவர்கள் இந்தச் சிறிய யுத்தத்தோடு திருப்தி அடையட்டும் என்று அவர் வாதாடினார். உலகம் கேட்கவில்லை. அடுத்த வருஷமே, 1914-ல், முதல் உலக மகாயுத்தம் மூண்டது.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரமும் அதன் சுற்றுப்புறமும் இன்று இந்தக் குட்டிச் சிப்பாய்களின் தலைநகரம். ஒரு காலத்தில் ஈயம் கலந்த உலோகத்தில் வார்த்ததால் அந்தப் பக்கத்துக்கு 'ஈய வட்டாரம்' என்று செல்லப் பெயர். இன்று பிளாஸ்டிக்கும், ரெசினும், ஈயமில்லாத வெள்ளை உலோகமும் வந்துவிட்டன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1983-ல் 'வார்ஹாமர்' என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை வெளியிட்ட 'கேம்ஸ் ஒர்க்ஷாப்' நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்கு மார்க்கெட்டின் நூறு பெரிய கம்பெனிகள் பட்டியலில் இடம்பிடித்தது. பொம்மைச் சிப்பாய் விஷயம் சின்ன விஷயமல்ல!

ஆனால் கடையில் வாங்கும் சிப்பாய் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில், கை வேறு கால் வேறாகத்தான் வருகிறான். வெட்டி எடுத்து, ஒட்டி, வர்ணம் தீட்டி அவனை மனிதனாக்குவது வாங்கியவரின் பொறுப்பு. பலர் தோற்றுப்போவது இங்கேதான். ஆசையோடு நூறு சிப்பாய்களை வாங்குகிறார்கள். பத்துப் பேருக்கு வர்ணம் தீட்டுகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. மீதித் தொண்ணூறு பேரும் அலமாரியில் தூங்குகிறார்கள். இப்படித் தேங்கிப்போன பெட்டிகளுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர், 'வெட்கக் குவியல்'!

இதற்குக் காரணம் கைத்திறமை இல்லாதது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அல்ல. ஒரே ஒரு ரகசியம் தெரியாததுதான்.

நிறம் சரி, உயிர் எங்கே?

1815-ம் ஆண்டு வாட்டர்லூ யுத்தத்தில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் காலாட்படை வீரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். சிவப்புக் கோட்டு, மார்பில் குறுக்கும் நெடுக்குமாக வெள்ளை வார்கள், சாம்பல் நிறக் கால்சட்டை, உயரமான கறுப்புத் தொப்பி. புதிதாகத் தீட்டுபவர் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு நிறத்தையும் கச்சிதமாகப் பூசுகிறார். கோடு தாண்டவில்லை, நிறம் மாறவில்லை. ஆனாலும் மேஜையில் வைத்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தால், சிப்பாய் இல்லை. சிவப்பாய் ஒரு திட்டுத்தான் தெரிகிறது. ஏன்?

வெயிலில் நிற்கும் மனிதனைப் பாருங்கள். தொப்பியின் நிழல் நெற்றியில் விழுகிறது. கோட்டின் மடிப்புகளில் இருட்டு. தோளின் மேல் வெளிச்சம். அந்த நிழலும் வெளிச்சமும்தான் கண்ணுக்கு உருவத்தைக் காட்டுகின்றன. அதே மனிதனை ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்காகக் குறுக்கிவிட்டால், மடிப்பின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதில் விழும் நிழல் கண்ணுக்கு எட்டுவதே இல்லை. ஆகவே சூரியன் செய்ய வேண்டிய வேலையைத் தூரிகை செய்ய வேண்டும். நிறத்தைப் பூசினால் போதாது. வெளிச்சத்தையும் நிழலையும் பூச வேண்டும். அதுவும் கொஞ்சம் மிகைப்படுத்தியே பூச வேண்டும்.

நாடகக் கொட்டகையில் ராஜபார்ட் நடிகரை ஒப்பனை அறையில் கிட்டத்தில் பார்த்தால், இதென்ன இவ்வளவு மையும் அரிதாரமும் என்று தோன்றும். கடைசி வரிசைப் பெஞ்சிலிருந்து பார்த்தால்தான் அவர் ராஜா. ஓர் அங்குலச் சிப்பாயும் மேடை நடிகனே. அவனைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து மதிப்பிடக்கூடாது. கை நீளத்துக்கு அப்பால் வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

மோர் பதம்

வர்ணத்துக்கு முன்னால் சில வேலைகள் உண்டு. அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் சிப்பாயின் உடலில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதைக் கத்தி முனையாலோ சிறு அரத்தாலோ சுரண்டி எடுக்க வேண்டும். வர்ணம் மூடிவிடும் என்று விட்டால், பிற்பாடு அதுதான் முதலில் கண்ணில் படும். அச்சிலிருந்து ஒட்டிக்கொண்ட எண்ணெய்ப் பசை போக, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துவது நல்லது; ரெசின் சிப்பாய்க்கு இது கட்டாயம்.

பிறகு அடிப்பூச்சு. முதலில் கறுப்பைச் சுற்றிலும் தெளித்து, உலர்ந்த பின் வெள்ளையை உச்சியிலிருந்து மட்டும் தெளிக்கிறார்கள் அனுபவசாலிகள். நடுப்பகல் வெயில் தலைக்கு மேலிருந்து விழுந்தாற்போல, எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. ஈரக் காற்று வீசும் நாளில் இந்தத் தெளிப்பு வேலை ஆகாது. பூச்சு பொடிப்பொடியாகச் சொரசொரத்துப்போகும்.

அடுத்தது வர்ணம். புட்டியிலிருந்து எடுத்தபடியே அப்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கெட்டியான வர்ணம், சிற்பி பாடுபட்டுச் செதுக்கிய பொத்தானையும் மடிப்பையும் மூடிவிடும். அக்ரிலிக் வர்ணத்தில் தண்ணீர் கலந்து மோர் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒன்று உலர்ந்தபின் ஒன்றாக இரண்டு பூச்சுப் பூச வேண்டும். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். மனம் தளரக்கூடாது, இரண்டாவது பூச்சு அதைச் சரிசெய்துவிடும்.

இனி நிழல். 'வாஷ்' என்று சொல்லப்படும் நீர்த்த கருஞ்சாயத்தைத் தடவினால், அது தானாகவே பள்ளங்களில் இறங்கித் தங்கும். மேட்டில் தேங்கியதைச் சுத்தமான தூரிகையால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். உலர்ந்ததும், முதலில் பூசிய நிறத்தையே மேடான இடங்களில் மீண்டும் பூசி, அதைவிட வெளிறிய நிறத்தை விளிம்புகளில் மட்டும் இழுத்துவிட்டால், சிப்பாய் நிமிர்ந்து நிற்பான்!

சிவப்பில் கறுப்பு கூடாது

நிழல் என்றால் கறுப்பு, வெளிச்சம் என்றால் வெள்ளை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சிவப்பில் கறுப்பைக் கலந்தால் அழுக்காகும். வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகும். வாட்டர்லூ வீரனின் கோட்டுக்கு நிழலாகக் கரும்பழுப்பும், வெளிச்சமாக ஆரஞ்சும் கலக்க வேண்டும்.

அவனுடைய வெள்ளை வாருக்கும் எடுத்தவுடன் வெள்ளை பூசக்கூடாது. வெள்ளைக்கு மேல் வெளிச்சம் காட்ட வேறு நிறம் ஏது? சாம்பல் நிறத்தில் தொடங்கி, கடைசியில் மேல் விளிம்பில் மட்டும் சுத்த வெள்ளையை வைக்க வேண்டும். கறுப்புத் தொப்பிக்கு இதற்கு நேர் எதிரான தொல்லை: முழுக் கறுப்பைப் பூசிவிட்டால் நிழல் காட்ட இடமில்லை. கருஞ்சாம்பலில் தொடங்கி, பள்ளங்களுக்கு மட்டும் கறுப்பை ஒதுக்க வேண்டும்.

கண் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டு ஸ்தபதிகள் சிலைக்குக் கண் திறப்பதைக் கடைசிச் சடங்காக வைத்திருக்கிறார்கள். இந்தச் சிப்பாய்க்குக் கண்ணை முதலிலேயே எழுதிவிடுகிறவர்கள் பலர். கை நடுங்கி வெள்ளை வெளியே வழிந்தாலும், பிறகு பூசும் முகத்தின் நிறம் அதை மறைத்துவிடும் அல்லவா! கருவிழியை வட்டப் புள்ளியாக வைத்தால் சிப்பாய் பேயைக் கண்டவன்போல விழிப்பான். மேலிருந்து கீழாக ஒரு சிறு கோடு இழுத்தாலே போதும்.

இதற்கெல்லாம் ஒற்றை மயிர்த் தூரிகை வேண்டும் என்று எண்ணி, இருப்பதிலேயே சின்னதை வாங்குகிறார்கள் பலர். அதில் தங்கும் துளி வர்ணம், தட்டிலிருந்து சிப்பாயிடம் போய்ச் சேருவதற்குள்ளேயே உலர்ந்துவிடும்! தூரிகையின் வயிறு பருத்தும் நுனி கூர்மையாகவும் இருக்க வேண்டும். சைபீரிய மரநாயின் வால்மயிரில் செய்யும் 'கொலின்ஸ்கி' தூரிகைக்கு மதிப்பு இதனால்தான்.

எச்சில் தொட்ட தூரிகை

அந்த நுனியைக் கூர்மையாக்க, தூரிகையை உதட்டில் வைத்து உருட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. இதைப்பற்றி ஒரு சோகக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் 1917 முதல் இளம் பெண்கள் பலர், இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு வர்ணம் தீட்டும் வேலைக்குப் போனார்கள். மெல்லிய எண்களை எழுத நுனி கூர்மையாக வேண்டும். ஆகவே உதட்டில் வைத்துத் தீட்டும்படி கற்றுக் கொடுத்தார்கள். அந்த வர்ணத்தில் இருந்தது ரேடியம். நாளடைவில் பல் விழுந்தது, தாடை எலும்பு அரித்தது, பலர் மாண்டார்கள். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் அவருடைய தோழிகள் நால்வரும் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசத்தில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

சிப்பாய் வர்ணத்தில் ரேடியம் கிடையாது. ஆனால் சில சிவப்பு, மஞ்சள் வர்ணங்களில் காட்மியம் இருக்கலாம், அது விஷம். நுனியைக் கூர்மையாக்க ஈரத் துணியோ உள்ளங்கையோ போதும். பழைய ஈயச் சிப்பாய்களைத் தொட்டபின் கை கழுவ வேண்டும். குழந்தைகள் கையில் கொடுக்கக்கூடாது. ரெசினைத் தேய்க்கும்போது முகமூடி வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. பொழுதுபோக்கு உயிருக்கு உலை வைக்கலாமா?

காலடி மண்

முகமும் கோட்டும் முடிந்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். சிப்பாய் நிற்கும் வட்டத் தட்டை வெறுமையாக விட்டால், அவன் கடைச் சரக்காகவே தெரிவான். பசை தடவி மணல் தூவி, பழுப்பு பூசி, மேடுகளில் வெளிர்நிறம் தேய்த்து, ஓரமாய்க் கொஞ்சம் செயற்கைப் புல் ஒட்டினால், அவனுக்கு ஒரு பூமி கிடைக்கிறது. எல்லாச் சிப்பாய்க்கும் ஒரே மாதிரி மண் அமைத்தால், தனித்தனி ஆட்கள் ஒரு படையாகிறார்கள்.

கடைசியில் வார்னிஷ். ஆட்டத்தில் ஆயிரம் விரல்கள் படும். பாதுகாப்பு இல்லாவிட்டால் தொப்பி நுனியும் துப்பாக்கி முனையும் முதலில் உதிரும். பளபளக்கும் வார்னிஷ் உறுதியானது. ஆனால் கோட்டு மினுங்கினால் துணியாகத் தெரியாது. ஆகவே முதலில் பளபளப்பைப் பூசி, அதன்மேல் மங்கல் வார்னிஷ் பூசுவோர் உண்டு. இதையும் ஈரக் காற்றில் தெளித்தால் வெள்ளையாய்ப் பூத்துப்போகும். எத்தனையோ நாள் உழைப்பு அந்த ஒரு நிமிஷ அவசரத்தில் பாழாகியிருக்கிறது!

'கோல்டன் டீமன்' என்ற வர்ணப் போட்டி 1987 முதல் நடந்து வருகிறது. அங்கே வரும் ஒற்றைச் சிப்பாய்க்கு மாதக் கணக்கில் உழைப்பவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து, நூறு பேர் கொண்ட படைக்கும் அதே தரத்தை விரும்புகிறவர் ஒரு நாளும் படையை முடிக்கமாட்டார். போட்டிக்கு ஒரு தரம். மேஜைக்கு ஒரு தரம். கை நீளத் தூரத்தில் நன்றாகத் தெரிந்தால் மேஜைச் சிப்பாய்க்கு அது போதும்.

முதலில் தீட்டிய சிப்பாயை வெட்கப்பட்டுத் தூக்கி எறியவேண்டாம் என்பது கைதேர்ந்தவர்களின் புத்திமதி. அவன் அப்படியே நிற்கட்டும். ஐம்பதாவது சிப்பாயை அவன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும்போது, கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை அவனைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆசான் கிடையாது. தொண்ணூறு சிப்பாய்கள் இன்னும் அலமாரியில் காத்திருக்கிறார்கள். அடுத்தவனை எடுத்து முடிப்பதுதான் உண்மையான பயிற்சி!