உரிமைக்குத் துணை அரசே

1996இல் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அவ்வுரிமை ஏட்டிலேயே உறங்கியது. மனுத் தாக்கல் செய்யப் பலர் அஞ்சினர். வென்றோரும் உடனே பதவி விலகினர். அதே மாவட்டத்து மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் கொல்லப்பட்டனர். மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகச் சென்று பேசிய பின்னரே, 2006இல் அம்மூன்று ஊர்களிலும் தேர்தல் முறையாக நடந்தது.

அமெரிக்க வரலாறும் இதற்குச் சான்று. பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும், 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைய ராணுவம் துணைவர நேர்ந்தது. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டமோ, வாக்காளரைப் பதிவுசெய்ய மத்திய அலுவலர்களையே தென் மாநிலங்களுக்கு அனுப்பியது.

தேர்தல் முடிந்ததும் அரசின் கடமை முடிவதில்லை. தலைவர் அச்சமின்றித் தம் நாற்காலியில் அமரும்வரை அது தொடர வேண்டும்.