உங்களுக்குத் தெரியுமா? – மருந்து குடித்த மரங்கள்

● உலகமெங்கும் மின்கம்பம், வேலிக்கால், தோட்டத்து மரமேடை எனப் பல தலைமுறைகளாக மழையில் நின்ற மரங்களுக்கு மருந்து கண்டவர் ஓர் இந்தியர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம், 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த கலவையை உருவாக்கினார். நம் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டிய பெயர்.

● அந்தக் கலவையில் செம்பு பூஞ்சையைத் தடுக்கும்; ஆர்சனிக் கரையானைக் கொல்லும்; குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்துபோகாமல் மரத்தோடு பிணைத்து வைக்கும். மேலே பூசினால் இது நடக்காது. மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மருந்துக் கரைசலை அழுத்தத்தில் ஏற்ற வேண்டும். அப்போதும் வெளிப்புற வெண்மரம்தான் நன்றாகக் குடிக்கும். வைரப்பகுதி எளிதில் இடம் தராது. ஆகவே மருந்தேற்றும் முன்பே அளவுக்கு அறுத்து, துளையும் போட்டுவிடுவது நல்லது.

● ஆர்சனிக் நஞ்சு என்பதால், 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இம்மருந்து ஏற்றுவது பெரும்பாலும் நின்றது. பச்சைச் சாயல் உள்ள பழைய கம்பத் துண்டு கிடைத்தால் தயவுசெய்து வெந்நீர் அடுப்பில் வைக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அந்தச் சாம்பல் செடிக்கும் ஆகாது.

● மருந்தே காணாத மரமும் நிலைக்கும், நனையாமல் இருந்தால். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உள்ளே ஏறிப் பாருங்கள்: அடுக்கடுக்காக மரத்தூண்கள், உத்தரங்கள், செதுக்குச் சிற்பங்கள், சுவரெல்லாம் ஓவியம். சுற்றிலும் சுவர், தலைக்கு மேல் கூரை, அதுவே காப்பு. நெல்லையப்பர் கோயில் தாமிர சபையிலோ மரவேலைக்கு மேலே செப்புத் தகடு குடை பிடிக்கிறது.

● நெல்லைச் சீமையின் பழைய ஓட்டு வீடுகளைத் தாங்குவது பனங்கைகள். பனைக்கு வைரம் வெளிப்புறத்தில். நடுவே மெத்தென்ற சோறு. முற்றிய மரமாகப் பார்த்து, சோற்றை நீக்கி, வைரத்தை மட்டும் கூரைக்கு ஏற்றினார்கள் நம் ஆசாரிகள்.

● மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலிருந்து வரும் ரப்பர் மரத்துக்குப் போரான் உப்பு ஏற்றுகிறார்கள். மனிதருக்கு ஆபத்து குறைவு, பூச்சியும் அண்டாது. ஆனால் மழையில் போரான் கரைந்து வெளியேறிவிடும். கட்டில், அலமாரி செய்யுங்கள். மாடித் தோட்டப் பந்தலுக்கு வேண்டாம்.