வந்த ரத்தமும் இருந்த தோலும்

இந்நாளில் நீல்ரத்தன் சர்க்கார் பெயரைத் தாங்கி நிற்கும் கல்கத்தாவின் பழைய காம்ப்பெல் ஆஸ்பத்திரியில், காலா அஸார் என்னும் கொடிய காய்ச்சலுக்கு யூரியா ஸ்டிபமின் மருந்தைக் கண்ட உபேந்திரநாத் பிரம்மசாரி, 1922-ல் ஒரு விசித்திரத்தை எழுதிவைத்தார்: காய்ச்சல் தீர்ந்து தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலருக்கு, நெடுநாள் கழித்துச் சருமத்தில் வெளிறிய திட்டுக்களும் முடிச்சுகளும் கிளம்பின.

அதே நகரின் கிழக்கோரத்தில், 2011-ல் திறக்கப்பட்ட டாடா மெடிக்கல் சென்டரில் ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1980-களில் இச்சிகிச்சையை வேரூன்றச் செய்த மாம்மன் சாண்டி பிற்பாடு டாடா சென்டரில் டைரக்டரானார்; பாலாற்றங்கரையின் அனுபவம் ஹூக்ளிக் கரைக்குப் போயிற்று என்று நாம் சற்றே பெருமைப்பட்டுக்கொள்ளலாம். இச்சிகிச்சைக்குப் பின்னும் தோலில் வியாதி கிளம்புவதுண்டு. ஆனால் காலா அஸாரில்போல் இங்கே காரணம் உடலில் எஞ்சிய கிருமியன்று. சகோதரரோ பிறரோ தந்த மஜ்ஜையோடு கூடவந்த, நோயை எதிர்க்கும் டி அணுக்கள், தாம் குடிபுகுந்த சரீரத்தையே அந்நியமென்று கருதிப் போர் தொடுக்கின்றன. வைத்தியர்கள் இதை ஜி.வி.எச்.டி. என்பார்கள்.

முதலில் உள்ளங்கை, உள்ளங்கால், காதுமடல்களில் சிவந்த தடிப்பு. கல்கத்தாப் புழுக்கத்தில் வேர்க்குருவென்றே எண்ணி ஏமாறலாம். மாதங்கள் சென்றபின் ஊதா நிறத்தில் அரிக்கும் தட்டைப் பருக்கள், வெண்திட்டுக்கள், சிலருக்கு விரல் மடங்காதபடி தோல் இறுகுதல். அபூர்வமாக, அப்பருக்கள் முதுகில் 'வி' போலவும் வயிற்றில் 'எஸ்' போலவும் கோடுகட்டி நிற்கும். 1901-ல் பெர்லின் வைத்தியர் பிளாஷ்கோ வரைந்துகாட்டிய கோடுகள் இவை. கருவில் தோலணுக்கள் பெருகிப் பரவிய தடங்கள். பிறவியிலேயே சற்று வேறுபட்ட ஓர் அணுவின் சந்ததி அத்தடத்தில் வாழ்ந்திருக்க, சொந்த ரத்தம் கண்டுகொள்ளாத அந்த வேற்றுமையை வந்த ரத்தம் கண்டுகொண்டது என்று யூகிக்கிறார்கள். மஜ்ஜை தந்தவரின் சொரியாஸிஸ், பெற்றவர் தோலில் தோன்றியதும் உண்டு.

இத்தனை தொல்லையையும் மருந்தால் அடியோடு அடக்கிவிடலாகாதா? அங்கேதான் சிக்கல். இவ்வியாதி கண்டவர்களுக்குப் புற்றுநோய் திரும்புவது குறைவு என்று 1979-ல் சியாட்டில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். தோலைத் தாக்கும் அணுக்களே ஒளிந்திருக்கும் புற்றணுக்களையும் வேட்டையாடுகின்றன. ஆகவே வைத்தியர் நோயாளியின் முன்கைத் தோலை இரு விரலால் கிள்ளி, மடிப்பு எழும்புகிறதா, பலகைபோல் மறுக்கிறதா என்று பார்த்து, இவ்வணுக்களை அடக்கும் ஸ்டிராய்டு மாத்திரையில் பாதியைக் குறைப்பதா, இன்னும் ஒரு மாதம் பொறுப்பதா என்று யோசிக்கிறார்.