ஊருக்கு உதவும் ஒரு திரையரங்கம்

திரையரங்கம் என்றவுடன், பொழுதைப் பாழாக்கும் இடம் என்று முகம் சுளிப்போர் நம்மில் பலர் உண்டு. அவ்வெண்ணத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, லண்டன் மாநகரின் ஹாக்னி பகுதிக்கு எம்முடன் வாருங்கள். அங்கே டால்ஸ்டன் கடைவீதியில் 'ரியோ' என்றோர் அரங்கம் உள்ளது.

1909ஆம் ஆண்டு கிளாரா லுட்ஸ்கி என்ற பெண்மணி ஏலக்கடை ஒன்றைப் படம் காட்டும் கூடமாக மாற்றினார். இதுவே அதன் தொடக்கம். 1915இல் அவ்விடத்தில் பெரிய அரங்கம் எழுந்தது. 1937இல் அது இன்றைய வடிவம் பெற்றது. தொலைக்காட்சி வீடுதோறும் புகுந்தபின் இத்தகைய அரங்குகள் பல மூடப்பட்டன. ரியோ பிழைத்தது எவ்வாறு? 1970களின் இறுதியில் அது இலாப நோக்கமற்ற சமூக அரங்கமாயிற்று. அன்று முதல் அப்பகுதி மக்களே அதற்குத் துணை.

திரையரங்கின் வருவாய் பெரிதும் மாலைக் காட்சிகளிலேயே வருகிறது. பகலில் இருக்கைகள் வெறுமையாய்க் கிடக்கும். அந்தப் பகற்பொழுதை ரியோ சுற்றத்தாருக்குத் திறந்துவிட்டது. கைக்குழந்தையுடன் வரும் தாய்மாருக்கும், முதியோருக்கும், சிறுவர்களுக்கும் தனித்தனிக் காட்சிகள் ஏற்பட்டன. 1982 முதல் 1988 வரை, வேலையற்ற இளைஞர்கள் அங்கே புகைப்படக் கலையும் ஒலிப்பதிவும் கற்றனர். அவர்கள் தொகுத்த உள்ளூர்ச் செய்திகள் படத்திற்கு முன்னர்த் திரையில் காட்டப்பட்டன. அவர்கள் எடுத்த 10,000க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அப்பகுதியின் வரலாற்று ஆவணம். அங்கு வாழும் துருக்கியரும் குர்தியரும் தத்தம் மொழித் திரைப்பட விழாக்களை இவ்வரங்கிலேயே நடத்தினர்.

கொடுத்தவருக்கே கொடை வரும் அல்லவா? 2017இல் நிலவறையில் சிறிய இரண்டாவது அரங்கம் அமைக்க நிதி வேண்டியபோது, மக்கள் தம் பங்கை அளித்தனர்.

2024இல் ஒரு சோதனை வந்தது. ஆண்டுதோறும் கூட்டம் நிரம்பும் யூரோவிஷன் இசைப்போட்டி ஒளிபரப்பை, இஸ்ரேல் பங்கேற்கும் வரை நடத்துவதில்லை என ரியோ அறிவித்தது. பாராட்டியவரும் உண்டு, கண்டித்தவரும் உண்டு. எனினும் தாம் ஆதரிக்கும் அறநிறுவனங்களுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் தொடரும் என்றும் அது கூறியது.

அதே சாலையில் வடக்கே சற்று நடந்தால் அழகிய குவிமாடங்கள் தென்படும். அஸீஸிய்யா பள்ளிவாசல் அது. 1913இல் 'அப்போலோ' என்ற திரையரங்கமாக எழுந்த கட்டடம். 1983இல் துருக்கிய முஸ்லிம்களின் தொழுமிடமாயிற்று. ஒன்று திரையரங்கமாகவே நீடித்து ஊருக்கு உதவுகிறது. மற்றொன்று இறையில்லமாக உயர்ந்துவிட்டது. இரண்டையும் காத்தவர்கள் அச்சாலையின் மக்களே.

வாசகப் பெருமக்களே! நம் ஊர்த் திருமண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். இலட்சக்கணக்கில் செலவிட்டுக் கட்டினோம். முகூர்த்த நாட்கள் போக, எஞ்சிய நாட்களில் அதன் கதவில் தொங்குவது பூட்டுத்தானே? வீட்டில் இடமின்றித் தெருவிளக்கடியில் படிக்கும் மாணவனுக்கு ஒரு மாலையேனும் அக்கதவு திறக்கலாகாதா? ஏழை நோயாளியின் சிகிச்சைக்கு நிதி திரட்ட வாடகையின்றி ஒரு நாள் தரலாகாதா?

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் சாவியைப் பற்றிப் பேசுங்கள்.